தொலைக்காட்சி இல்லாத நாளில் ஒரு முகம் எல்லா ஊருக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

முல்லைவாணன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் 1950களின் தமிழகத்தைப் பற்றி வகுப்பெடுத்துக் கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அப்போது கைப்பேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை, பாதிப் பேருக்கு மேல் எழுதப் படிக்கவும் தெரியாது என்கிறீர்கள். பிறகு எம்.ஜி.ஆர். என்ற ஒருவரை எங்கள் ஊர் மாதிரி பஸ் போகாத ஊரில்கூட எல்லாரும் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது எப்படி?" என்று கேட்டார். "சினிமாதான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணமே அந்தப் பதில் எனக்கே போதாது என்று தோன்றிவிட்டது.

எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். 1936இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் தலைகாட்டியவர், 1947இல் 'ராஜகுமாரி'யில் நாயகனானார்; 1953இல் தி.மு.க.வில் சேர்ந்தார், 1972 அக்டோபரில் தனிக்கட்சி கண்டார், 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதோ 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதாவது, முதலமைச்சர் பதவி ஒன்றைத் தவிர, தொலைக்காட்சி வருவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இதே ஆண்டுகளில்தான் ஜமீன்தாரி முறை ஒழிந்தது. காமராசர் ஆட்சியில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடமும் மதிய உணவும் மின்கம்பமும் வந்தன. நிலத்தை விட்டு நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் பெருகினார்கள்.

ஆகவே என் கேள்வி இது: ஊடகம் அந்த நாயகனை உருவாக்கியதா, அல்லது தனக்கொரு நாயகனைத் தேடிக்கொண்டிருந்த காலம் கைக்குக் கிடைத்த ஊடகத்தைப் பயன்படுத்திக்கொண்டதா? ஆய்வுக் கோட்பாடுகளை நூலகத்தில் பார்த்துக்கொள்வேன். உங்கள் ஊர்களில் உண்மையில் என்ன நடந்தது என்று நேரில் அறிந்தவர்கள் எழுதினால் மாணவர்களிடம் வாசித்துக் காட்டுவேன்.

கொட்டகைக்காரர் மகன்:

ஐயாவுக்கு வணக்கம். என் தந்தையார் டூரிங் டாக்கீஸ் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர். பள்ளி விட்டதும் நான் போய் உட்கார்ந்த இடம் அந்தப் படப்பெட்டி அறைதான் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

"சினிமாதான்" என்ற உங்கள் பதில் தவறில்லை. ஆனால் சினிமா என்றால் இரண்டரை மணி நேரம் திரையில் ஓடுவது மட்டும் என்று இன்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊரில் ஒரு படம் திரைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே வந்துவிடும். மூங்கில் தட்டியில் சுவரொட்டியை ஒட்டி, அதை மாட்டு வண்டியின் இரு பக்கமும் சாய்த்துக் கட்டி, முன்னால் ஒருவர் தமுக்கடிக்க, பின்னால் ஒருவர் பச்சை, மஞ்சள் நிற நோட்டீசுகளை வீசிக்கொண்டு போவார். அந்த நோட்டீசுக்காக வண்டிக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்க்கக் காசில்லாதவர்கள். அவர்களுக்கும் படம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நோட்டீசில் கதைச் சுருக்கத்தை அச்சடித்து, முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பையன் திண்ணையில் உட்கார்ந்து அதை உரக்க வாசிப்பான். மீதியைத் தானே கற்பனை செய்தும் சொல்லிவிடுவான்.

கொட்டகை என்பது கீற்றுக் கூரை, மணல் தரை. நிரந்தர உரிமம் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் கூரையைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். படம் காட்டும் எந்திரம் ஒன்றுதான் இருந்ததால், ரீல் மாற்றுவதற்காகவே மூன்று நான்கு இடைவேளை விடுவோம். ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கும் சோடாவும் விற்கும். அதோடு பாட்டுப் புத்தகமும் விற்கும். கதைச் சுருக்கமும் எல்லாப் பாடல்களும் அச்சிட்ட, எட்டு அல்லது பன்னிரண்டு பக்கச் சாணித்தாள் புத்தகம் அது. படம் ஊரை விட்டுப் போன பிறகும் அந்தப் புத்தகம் கூரையில் செருகி வைக்கப்பட்டிருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் அதிலிருந்த பாட்டைத்தான் பாடினார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதிலேயே, 1959இல், மறைந்துவிட்டார். அவர் யாரென்றே அறியாதவர்கள்கூட அவர் எழுதி எம்.ஜி.ஆர். வாயசைத்த அறிவுரைகளை எம்.ஜி.ஆரே சொன்னதாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அதட்டினார்கள். பாட்டெழுதியவர் பேச்செல்லாம் பாடி நடித்தவர் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதுப்படம் எங்களுக்கு ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். இடையில் பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடும். 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' எங்கள் கொட்டகையில் எத்தனை முறை ஓடியது என்பதற்கு அப்பாவிடமும் கணக்கில்லை. அந்த வாரம் முப்பத்தேழு வயது எம்.ஜி.ஆர்., அடுத்த வாரம் ஐம்பது வயது எம்.ஜி.ஆர்., அதற்கடுத்த வாரம் மறுபடியும் முப்பத்தேழு. எங்கள் ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அவருக்கு வயதே ஏறவில்லை.

பிறகு ரேடியோ செட்காரர். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, மரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். எந்த இசைத்தட்டைப் போடுவது என்பது செட்காரரின் கையில் இருந்தது. எங்கள் ஊர்ச் செட்காரர் தி.மு.க. அனுதாபி. தேநீர்க் கடையில் தினத்தந்தியை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். ஆகவே உங்கள் மாணவருக்குச் சொல்லுங்கள்: தமுக்கடித்தவர், நோட்டீசு வாசித்த பையன், செட்காரர், களையெடுத்த பெண்கள் ஆகியோர் எல்லாம் சேர்ந்து கைமாற்றிக் கைமாற்றித்தான் அந்த முகத்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

மலைநாட்டான்:

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கொட்டகைக்காரர் மகன் சொன்ன வரிசையில் ஒரு முக்கியமான கண்ணி விடுபட்டிருக்கிறது. அது எங்கள் ஊர் வானொலி.

1952 முதல் பத்தாண்டுகள் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் கொண்டவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலி சாஸ்திரிய இசைக்கு முதலிடம் தந்து, திரைப்பாடல்களை ஓரங்கட்டியது. அந்த இடைவெளியை நிரப்பியது இலங்கை வானொலி. இந்திப் பாடல் விரும்பிகள் அதன் இந்தி ஒலிபரப்பைத் தேடிப்போனதைப் போலவே, தமிழ்நாட்டுக்காரர்கள் அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைத் தேடி வந்தார்கள். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும், பிற்பாடு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் இராமேசுவரத்துக்கு அப்பால் எவ்வளவு தூரம் கேட்டன என்பதை உங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓர் அரசு வேண்டாம் என்று ஒதுக்கிய பாடல்களை இன்னொரு நாட்டு அரசின் வானொலி விளம்பரக் காசுக்காக ஒலிபரப்பியதில், தமிழகத்தின் அரசியல் வரலாறே சற்றுத் திசைமாறியது என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் முழுப் பொய் அன்று.

இதில் எங்களுக்கு ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917இல், எங்கள் கண்டிச் சீமையில். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், குடியுரிமை பறிக்கப்பட்டு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக எங்கள் பெற்றோர் நின்ற காலத்தில், "நம்ம ஊரில் பிறந்தவர்" என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மனிதர் இருந்தார். லயத்துச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் இருந்தது. தமிழ்நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க முடியாத இவர்களும் அவரைக் கொண்டாடினார்கள் என்பதால், இதை வெறும் கட்சிப் பிரச்சாரத்தின் விளைவு என்று முடித்துவிடலாகாது.

பேராசிரியர் கா. சிவத்தம்பி சொன்ன ஒரு கருத்தும் இங்கே பொருந்தும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கு திரையரங்குதான். அங்கே இடம் பிறப்பால் அன்றி, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசால் தீர்மானிக்கப்பட்டது என்பார் அவர். கோயிலின் உள்ளே நுழையவே உரிமை கேட்டுப் போராடிய தலைமுறைக்கு அது சாதாரணச் செய்தி அன்று.

கதைப்பாடல்:

நான் நாட்டார் வழக்காறுகளைச் சேகரிப்பவன். இழையில் இதுவரை பேசப்பட்டதெல்லாம் 'எதன் வழியாக' என்ற கேள்விக்கு விடை. 'எதை' என்பது இன்னும் பேசப்படவில்லை.

தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகவும் கதைப்பாடலாகவும் வழங்கிவரும் நாயகர் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் ஆகிய மூவர் கதையும் அடிப்படையில் ஒன்றே: சாதி வரம்பை மீறி ஒரு பெண்ணை விரும்புகிறான், வீரச் செயல்கள் புரிகிறான், முடிவில் கொல்லப்படுகிறான், இறந்தபின் தெய்வமாகிறான். மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். காத்தவராயனைக் கழுவேற்றுகிறார்கள். உயிரோடிருக்கும்வரை ஊருக்குள் இடமில்லாதவனுக்குச் செத்தபின் ஊர் எல்லையில் ஒரு பீடம் கிடைக்கிறது. அநீதி நடந்துவிட்டது என்று ஊருக்குத் தெரியும். படையல் போட்டு அதை ஈடுகட்டிக்கொள்கிறது. முத்துப்பட்டன் கதையைப் பாடிய ஒரு பெரியவர், பட்டன் வெட்டுப்படும் இடம் வந்ததும் வில்லில் கோலை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த இடத்தை மாத்திப் பாட எனக்கு அதிகாரமில்லை தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

அந்த அதிகாரத்தைத்தான் திரைப்படம் கையில் எடுத்துக்கொண்டது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' பழைய முடிவோடுதான் வந்தது. நாயகன் இறக்கிறான், தெய்வமாகிறான், படமும் பெருவெற்றி பெற்றது. அதற்குப் பிந்தைய பெரும்பாலான படங்களில் அவர் சாகவில்லை. சவுக்கால் அடிப்பவனிடமிருந்து சவுக்கைப் பிடுங்கித் திருப்பி அடித்துவிட்டு உயிரோடு இருந்தார். மாட்டுக்காரனாகவும் மீனவனாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் வந்து, எழுதப் படிக்கவும் தெரிந்து, பண்ணையார் மகளைத் திருமணமும் செய்துகொண்டார். கதைப்பாடல் நாயகனுக்குக் கிடைத்த தண்டனை இவருக்குக் கிடைக்கவில்லை. இந்த ஒப்பீட்டை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் முன்பே விரிவாகச் செய்திருக்கிறார். நான் புதிதாகச் சொல்லவில்லை. ஆனால் களத்தில் பாட்டுக் கேட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாயகன் இறுதியில் என்ன ஆவான் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த எதிர்பார்ப்போடு கொட்டகையில் போய் உட்கார்ந்தவர்களுக்கு, அவன் சாகாமல் எழுந்து வருவதுதான் புதுச் செய்தி. காலம் மாறுகிறது என்பதை அவர்களுக்கு எந்த மேடைப் பேச்சையும் விடத் தெளிவாகச் சொன்னது அதுவே.

எதிர்க்கேள்வி:

எல்லாரும் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இதே தமுக்கு, இதே நோட்டீசு, இதே பாட்டுப் புத்தகம், இதே இலங்கை வானொலி, எல்லாமே சிவாஜி கணேசனுக்கும் இருந்தன அல்லவா?

1952 'பராசக்தி'க்குப் பிறகு நடிப்பில் அவருக்கு ஈடில்லை என்று எதிர்முகாம் ரசிகர்களே ஒப்புக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் அவருக்கும் மன்றங்கள் இருந்தன. சிவாஜி என்ற பெயரே பெரியார் சூட்டியது. சிவாஜி கணேசன் தி.மு.க.வை விட்டு விலகிக் காங்கிரசின் பக்கம் நெடுங்காலம் நின்றார். பிறகு 1988இல் தனிக்கட்சி தொடங்கினார். 1989 சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி போட்டியிட்ட ஓரிடத்திலும் வெல்லவில்லை. திருவையாற்றில் அவரே தோற்றார். ஊடகம்தான் நாயகனை உருவாக்குகிறது என்றால் இந்தத் தோல்விக்கு என்ன விளக்கம்?

மறுமுனையையும் பாருங்கள். சினிமாவுக்கு முன்பே நமக்கு மக்கள் நாயகர்கள் இருந்தார்கள். சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விசுவநாத தாஸ், முருகன் வேடத்தில் நின்றபடியே வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கிப் பாடியவர். அதற்காகப் பலமுறை சிறை சென்றார்; 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே, உயிர்நீத்தார். தியாகத்தில் அவருக்கு நிகராக ஒரு திரை நாயகனைக் காட்ட முடியுமா? ஆயினும் இன்று எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்? மேடை நடிகர் ஓரிரவில் ஓர் ஊரில்தான் இருக்க முடியும். படச்சுருள் ஒரே இரவில் நாற்பது ஊரில் ஓடும். ஆக, ஊடகம் தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன்.

மீதியை நிரப்பியது கட்சி. 1958 'நாடோடி மன்ன'னில் எம்.ஜி.ஆருடைய நிறுவனச் சின்னமாக ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைப் பிடித்து நின்றார்கள். 1966 'அன்பே வா'வில் பாட்டில் இருந்த உதயசூரியனைத் தணிக்கைக் குழு 'புதிய சூரியன்' என்று மாற்றச் சொன்னது. மாற்றியும் பயனில்லை, கொட்டகையில் இருந்தவர்கள் பழைய சொல்லைத்தான் கேட்டார்கள். சொல்லை வெட்டலாம்; அந்தச் சொல்லை வெளியே படிப்பகத்திலும் முடிதிருத்தகத்திலும் சுவரிலும் நாள்தோறும் எழுதிவைத்த கட்சிக்காரனை வெட்ட முடியாதல்லவா? 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் கட்டுப்போட்டு மருத்துவமனையில் கிடந்தவரின் படத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து ஊரெங்கும் ஒட்டியதும் அதே இயந்திரம்தான். அடுத்த மாதத் தேர்தலில் அவர் பரங்கிமலையில் வென்றார். கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் அவர் குரல் பழையபடி திரும்பவில்லை. 'காவல்காரன்' படத்தில் அந்தத் தழுதழுத்த குரலைக் கேட்டுச் சிரிக்க வேண்டியவர்கள், அழுதார்கள். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. சரி, அந்த ஓர் இடத்தில் கதைப்பாடல் ஐயாவின் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

1972இல் பிரிவு வந்தபோது மன்றங்கள் ஒரே வாரத்தில் கட்சிக் கிளைகளாயின. 1973 மே 11 அன்று 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. மே 20 அன்று திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலையில் வென்றார், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. ஒன்பது நாள் இடைவெளியைப் பார்த்துவிட்டுப் படம்தான் வென்றது என்று சொல்பவர்கள், இருபதாண்டுகளாகத் தட்டி கட்டிப் பழகிய மன்றத்துப் பையன்கள் அந்த ஒன்பது நாளும் திண்டுக்கல்லில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அங்கயற்கண்ணி:

இழையில் ஐந்து பேர் எழுதிவிட்டீர்கள். களையெடுக்கும்போது பாடியவர்கள் என்ற ஒரே இடத்தில்தான் பெண்கள் தலைகாட்டுகிறார்கள். எம்.ஜி.ஆருக்கு விழுந்த வாக்குகளில் பெண்களின் வாக்கு எவ்வளவு முக்கியம் என்பது தேர்தல் களத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும் என்பதால் இந்தக் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அம்மாயி எம்.ஜி.ஆர். படத்துக்கு மட்டும்தான் தனியாக அனுப்பப்பட்டார். வேறு யார் படமென்றாலும் தாத்தா உடன் வருவார், அல்லது போகவே கூடாது. காரணத்தைக் கேட்டால், "அவன் படத்துல குடி இருக்காது, பீடி இருக்காது, தாயை மதிப்பான்" என்பார் தாத்தா. இத்தனைக்கும் தாத்தா குடிப்பவர். 1961இல் 'தாய் சொல்லைத் தட்டாதே', 1962இல் 'தாயைக் காத்த தனயன்' என்று தலைப்பிலேயே தாய்மார்களுக்கு அழைப்பிதழ் அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் அடிவாங்கும் ஒரு பெண்ணுக்கு, குடிக்காத, கை நீட்டாத, பெற்றவளின் காலில் விழுகிற ஓர் ஆண், திரையிலாவது இருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆண்கள் எழுதும் வரலாறு போதுமான அளவு சொல்வதில்லை.

ஆனால் அந்தப் படங்களை இன்று உட்கார்ந்து பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் பாதியில் நாயகி படித்தவள், வாயாடி, காரோட்டுகிறாள். இரண்டாம் பாதியில் சேலை கட்டி, தலை குனிந்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறாள். பண்ணையாரிடமிருந்து சவுக்கைப் பிடுங்கியவர், திமிர் பிடித்த பெண்ணுக்கு அடக்கம் கற்பிக்கும்போது அந்தப் பண்ணையாரின் குரலிலேயே பேசுகிறார். கதைப்பாடல் ஐயா, சாதியின் தண்டனை மாறியது என்றீர்கள். பெண்ணுக்கு விதித்தது மாறவில்லை என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்சிக்கு வந்த பிறகும் இதே இரட்டை நிலைதான். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் வீட்டில் உலை வைக்க வழியில்லாத தாய்மார்களின் பாரத்தை உண்மையிலேயே குறைத்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதுவே முதல் அரசு வேலையும் ஆனது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் கோப்பையைத் தொடாதவரின் ஆட்சியில்தான் 1981இல் மதுவிலக்குத் தளர்ந்தது. 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். அம்மாயியிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "அது கூட இருந்தவனுங்க செஞ்சது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். திரையில் பார்த்தவரைத் தொடவே விடவில்லை.

முல்லைவாணன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. எதிர்க்கேள்வி அவர்கள் எழுப்பிய சிவாஜி கணேசன் கேள்வியை அப்படியே வகுப்பில் வைக்கப் போகிறேன். எனக்கே அதற்கு முழு விடை தெரியவில்லை. மலைநாட்டான் அவர்கள் குறிப்பிட்ட சிவத்தம்பியின் கருத்தைப் பற்றிக் கொட்டகைக்காரர் மகனிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கொட்டகையில் உண்மையாகவே காசை மட்டும் வைத்துத்தான் மக்கள் உட்கார்ந்தார்களா? பெண்களுக்கு எப்படி இடம் ஒதுக்கினீர்கள்?

கொட்டகைக்காரர் மகன்:

ஐயா, தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. காசைக் கொடுத்தால் யாரும் எந்த டிக்கெட்டையும் வாங்கலாம்; கொடுக்க மாட்டேன் என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தரையில் உட்காரும்போது எந்தத் தெருக்காரர் எந்தப் பக்கம் உட்காருவது என்பது யாரும் சொல்லாமலே நடந்தது. விளக்கணைத்துப் படம் ஓடத் தொடங்கி, முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை மறைக்கிறது என்று ஒவ்வொருவராக நகரும்போது எல்லாம் கலந்துவிடும். இடைவேளையில் விளக்குப் போட்டதும் சிலர் எழுந்து பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். ஆகவே பேராசிரியர் சொன்னது இருட்டில் உண்மை, வெளிச்சத்தில் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குத் தரையில் இடப்பக்கம். நடுவில் ஓர் ஆள் மார்பளவுக்கு மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டியிருப்போம். அங்கயற்கண்ணி அம்மா எழுதியது சரிதான், எம்.ஜி.ஆர். படம் என்றால் முதலில் நிறைவது அந்தப் பக்கம்தான். கைக்குழந்தையோடு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், டிக்கெட் கொடுப்பதை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, ஆண்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, அப்பா கயிற்றை அவிழ்த்து அந்தத் தட்டியை இரண்டு முழம் வலப்பக்கம் தள்ளிக் கட்டுவார்.